வெடிப்பு வலிமையும் வேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிரிண்ட் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால், கால்பந்து, பாட்மின்டன் என எந்த ஆட்டமானாலும், முடிவைத் தீர்மானிக்கும் அசைவு பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த அசைவுக்குத் தசைகளைப் பழக்குவது பற்றி வீரர்களும் பெற்றோரும் இளம் பயிற்சியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வெடிப்பு வலிமை என்றால் என்ன? சாதாரண வலிமை போதாதா?

எவ்வளவு விசை கொடுக்க முடியும் என்பது வலிமை. அந்த விசையை எவ்வளவு சீக்கிரம் கொடுக்க முடியும் என்பது வெடிப்பு வலிமை. ஒரு தசை தன் உச்ச விசையை எட்டுவதற்குச் சுமார் 0.3 நொடியோ அதற்கு மேலோ பிடிக்கும். கனமான பார்பெல்லை (இரு முனையிலும் எடை மாட்டிய கம்பி) தோளில் வைத்து, முழங்காலை மடக்கித் தாழும் ஸ்குவாட்டிலிருந்து எழுபவருக்கு அந்த அவகாசம் தாராளமாக உண்டு. முழு வேகத்தில் ஓடும் முதல்தர ஸ்பிரிண்ட் வீரருக்கோ ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையில் இருப்பதே ஏறக்குறைய 0.08 முதல் 0.10 நொடிதான். அதற்குள் தரையில் இறங்கும் விசைதான் கணக்கில் சேரும். மீதி வலிமை உடம்பில் இருந்தும் அந்த அடிக்கு உதவாது.

1938இல் ஏ. வி. ஹில் என்ற உடலியல் அறிஞர் காட்டிய ஓர் உறவும் இங்கே முக்கியம். தசை சுருங்கும் வேகம் கூடக் கூட, அது தரக்கூடிய விசை குறைந்துகொண்டே வரும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே மிகக் கனமான எடையிலும் திறன் குறைவு, வெறுங்கையை வீசுவதிலும் குறைவு. நடுவில் எங்கோதான் அது உச்சத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்பவர் சீக்கிரமே தேங்கி நிற்பார்.

ஸ்குவாட்டில் எடை ஏறிக்கொண்டே இருக்கிறது. தாண்டும் உயரம் மட்டும் ஏறவில்லை. ஏன்?

தொடக்கநிலையில் இருப்பவருக்கு வலிமை கூடினாலே எல்லாம் கூடும்: ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாமே. அந்தக் காலத்தில் வேறு நுணுக்கம் எதுவும் தேவையில்லை. தன் உடல் எடையைப் போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கை முறையான ஸ்குவாட்டில் தூக்க முடிகிற நிலைக்கு வந்த பிறகு கதை மாறுகிறது. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் தாண்டலுக்குத் தரும் பலன் குறைந்துகொண்டே போகும்.

அதற்காக வலிமைப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அதைத் தக்கவைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தைத் தாண்டலுக்கும் எறிதலுக்கும் ஓட்டத்துக்கும் கொடுங்கள். கனமான எடையைத் தூக்கும்போதும் ‘இதை எவ்வளவு வேகமாக மேலே அனுப்ப முடியும்’ என்ற முனைப்போடு தள்ளுங்கள். பார்பெல் மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் நரம்பு மண்டலம் அந்த முனைப்பிலிருந்து கற்றுக்கொள்கிறது.

வேகமான தசைகள் பிறவியிலேயே அமைந்தவை என்கிறார்களே?

பாதி உண்மை. தசையில் மெதுவாகச் சுருங்கிக் களைக்காமல் உழைக்கும் இழைகளும், வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. இவற்றின் விகிதத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. மெதுவான இழைகளைப் பெருமளவில் வேகமான இழைகளாக மாற்றும் பயிற்சி எதுவும் கிடையாது.

ஆனால் இருக்கும் வேக இழைகளை எத்தனை பேர் முழுதாகப் பயன்படுத்துகிறார்கள்? நரம்பு மண்டலம் சிறிய இழைத் தொகுதிகளை முதலில் எழுப்புகிறது. பெரிய, வேகமான தொகுதிகளைக் கடைசியில்தான் அழைக்கிறது. விசை அதிகம் தேவைப்படும்போதோ, அசைவு மின்னல் வேகத்தில் நடக்க வேண்டியபோதோதான் அவற்றுக்கு அழைப்பு போகும். நிதானமாக, இலகுவாகச் செய்யும் பயிற்சியில் அவற்றுக்கு வேலையே இருக்காது. அழைப்பு சீக்கிரம் போவது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் விறைப்பேறுவது, அசைவுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் எதிர்த்தசைகள் உரிய நேரத்தில் தளர்வது ஆகிய மூன்றுமே பயிற்சியால் மேம்படுபவை.

எவ்வளவு எடையில் பயிற்சி செய்ய வேண்டும்?

ஒரே எடையில் எல்லாம் கிடைக்காது. உச்ச வலிமைக்கு, ஒருமுறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் 80 முதல் 90 சதவீதம், ஒரு செட்டுக்கு (இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) 2 முதல் 5 முறை. கிளீன் (பார்பெல்லைத் தரையிலிருந்து தோளுக்குக் கொண்டுவருவது), ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது) போன்ற வேகத் தூக்கல்களுக்கு 70 முதல் 85 சதவீதம். எடையோடு தாண்டும் ஸ்குவாட் ஜம்ப்புக்கு ஸ்குவாட் உச்சத்தில் 30 சதவீதத்துக்குள் இருந்தாலே போதும். பலருக்கு வெறும் உடல் எடையே சரியான சுமை.

இலகுவான எடையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பார்பெல்லை மார்பிலிருந்து வேகமாகத் தள்ளுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கை முழுதாக நீளும் இடத்தில் பார்பெல் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு அடிபடும். அதனால் கை பாதி நீண்டதுமே உடம்பு தானாக பிரேக் போடத் தொடங்கிவிடும். வேகத்துக்கென்று செய்த பயிற்சியில் கணிசமான தூரம் வேகத்தைக் குறைப்பதிலேயே போய்விடுகிறது. இதற்குத் தீர்வு, விட்டுவிடுவதுதான். மெடிசின் பால் என்ற கனமான பயிற்சிப் பந்தைச் சுவரில் எறியும்போது கையை விட்டுப் பந்து போய்விடுகிறது. தாண்டும்போது கால் தரையை விட்டுப் போய்விடுகிறது. பிரேக் போட வேண்டிய அவசியமே இல்லாததால் கடைசி அங்குலம்வரை முடுக்கம் இருக்கும். இலகுவான எடை என்றால் எறியுங்கள், அல்லது தாண்டுங்கள்.

பிளையோமெட்ரிக் பயிற்சி என்பது என்ன? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முழங்காலை மடக்கி, அந்த நிலையிலேயே மூன்று நொடி அசையாமல் நின்று, பிறகு மேலே தாண்டுங்கள். அடுத்து நிமிர்ந்து நின்று, சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே திரும்பி மேலே தாண்டுங்கள். இரண்டாவது தாண்டல் உயரமாக இருக்கும். சட்டென்று தாழ்வதைத் தடுக்கும்போதே தசையில் விசை ஏறிவிடுகிறது. அதனால் மேலே போகும் அசைவு தொடங்கும் கணத்திலேயே தசை முறுக்கேறியிருக்கிறது. நீட்டப்பட்ட தசைநாணும் சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. கீழே மூன்று நொடி நின்றால் அந்த ஆதாயம் போய்விடும். இந்த நீட்சி, சுருக்கம் என்ற இணைப்பைக் கூர்மையாக்குவதே பிளையோமெட்ரிக்.

சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் இதை முறைப்படுத்தினார். உயரமான பெட்டியிலிருந்து இறங்கி, தரையைத் தொட்டதும் உடனே எழும்பும் டெப்த் ஜம்ப் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அதை அவர் பயன்படுத்தியது பல ஆண்டு வலிமைப் பயிற்சி பெற்ற வீரர்களிடம். இன்று பலரும் முதல் நாளே பெட்டியின் மேல் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது.

தரையிறங்கக் கற்பதுதான் முதல் பாடம். ஓரடி உயரத்திலிருந்து இறங்கி அப்படியே நில்லுங்கள். முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் பாதவிரல்களின் திசையிலேயே இருக்கின்றனவா? இடுப்பு பின்னால் போய் அதிர்ச்சியை வாங்குகிறதா? காதையும் பயன்படுத்துங்கள். ‘தொம்’ என்ற சத்தம் கேட்டால் அதிர்ச்சியை வாங்கியது மூட்டு. மெல்லிய சத்தமானால் தசை. சில வாரங்களில் இது கைவந்த பிறகு கயிறு தாண்டுதல், பெட்டி மேல் தாண்டுதல், தாழ்வான தடைகளைத் தொடர்ந்து தாண்டுதல், ஒற்றைக் கால் தாவல்கள் என்று ஏறலாம். டெப்த் ஜம்ப் இவற்றுக்கெல்லாம் பிறகு, 30 செ.மீ. உயரத்தில் தொடங்கட்டும். தரையில் கால் ஒட்டிக்கொண்டு நேரம் எடுத்தாலோ, குதிகால் தரையில் மோதினாலோ பெட்டி உங்களுக்கு உயரம் அதிகம். இறக்கிவிடுங்கள்.

ஒரு நாளில் எத்தனை தாண்டல்கள்?

கால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையையும் எண்ணுங்கள். தொடக்கநிலையில் 80 முதல் 100 தொடுதல்கள், அதுவும் எளிய வகைகளில். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். நடுவில் 48 முதல் 72 மணி நேர இடைவெளி வேண்டும். கடினமான டெப்த் ஜம்ப் என்றால் மொத்தமே 20 முதல் 40.

செட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் ஓய்வு?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

முழு வேக அசைவுக்கான எரிபொருள் தசைக்குள்ளேயே தயாராக இருக்கும் ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும். முழு முயற்சியில் 10 நொடிக்குள் இந்த இருப்பு பெருமளவு குறைந்துவிடும். போனதில் ஏறக்குறைய பாதி அரை நிமிடத்தில் திரும்பும். முழுதாக நிரம்ப 3 முதல் 5 நிமிடம் வேண்டும். அரை நிமிடத்தில் மூச்சு சீராகிவிட்டது என்று அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பினால், பாதி நிரம்பிய இருப்போடுதான் ஓடுகிறீர்கள். கால்கள் ஓடும், முழு வேகம் வராது. உடம்பு அன்று பழகிக்கொள்வது அந்தக் குறைந்த வேகத்தை.

ஸ்பிரிண்ட் பயிற்சியாளர்களிடம் ஓர் எளிய கணக்கு உண்டு: ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் 3 நிமிடம், 60 மீட்டருக்கு 6 நிமிடம். கனமான தூக்கல்களுக்கும் 3 முதல் 5 நிமிடம். ஓய்வு நேரத்தில் மெதுவாக நடங்கள், அடுத்த முயற்சியில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒன்றே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்தும் களைப்பே இல்லை. போதுமான அளவு செய்தேனா?

செய்துவிட்டீர்கள். களைப்பை வைத்து இந்தப் பயிற்சியை அளக்கவே கூடாது. இன்றைய கடைசித் தாண்டல் முதல் தாண்டலைப் போலவே உயரமாக இருந்ததா? கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தின் நேரத்தில் முடிந்ததா? இவை இரண்டும் ஆம் என்றால் நல்ல நாள்.

விசில் ஊதி, வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கு ஐம்பது தாண்டல் என்று வியர்வை சொட்டச் செய்ய வைப்பதைப் பல மைதானங்களில் பார்க்கலாம். அது தாங்குதிறன் பயிற்சி. அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அதை வேகப் பயிற்சி என்று சொல்லிப் பிள்ளைகளிடம் வாங்குவது அவர்கள் உழைப்பை வீணடிப்பது. கால்கள் தளர்ந்த பிறகு தாண்டுவதில் மூட்டுக்கு ஆபத்தும் சேர்கிறது.

நிறுத்துவதற்கு ஒரு வரம்பை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரை 4.20 நொடியில் ஓடுபவர் 4.35 நொடிக்குப் போய்விட்டால், மீதம் எத்தனை ஓட்டம் தாளில் எழுதியிருந்தாலும் அன்றைய வேகப் பயிற்சி முடிந்தது. தாண்டல் உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அப்படியே. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே சாதாரணத் திட்டம்கூட நன்றாக வேலை செய்யும். கடைப்பிடிக்காவிட்டால் எவ்வளவு நுணுக்கமான திட்டமும் உதவாது.

வேகம் கூட வேண்டுமானால் வேகமாக ஓடினால் போதாதா?

அதைவிட நல்ல பயிற்சி எதுவும் இல்லை. முழு வேக ஓட்டத்தில் கால் வாங்கும் விசையையும் தொடும் நேரத்தையும் எந்த ஜிம் பயிற்சியும் அப்படியே தந்துவிடாது. ஆனால் எந்தத் தூரம் ஓடுகிறீர்கள் என்று பாருங்கள். 2009இல் பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது, அவர் உச்ச வேகத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டிய பிறகுதான். பந்து விளையாட்டுகளில் பெரும்பாலான ஓட்டங்கள் 30 மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆகவே அந்த வீரர்களுக்கு முதல் 10, 20 மீட்டரின் முடுக்கம்தான் உயிர். அதற்கு நின்ற நிலையிலிருந்து குறுகிய ஓட்டங்கள், லேசான மேட்டில் ஓட்டம், எடை ஏற்றிய ஸ்லெட்டை (தரையில் சறுக்கிவரும் பயிற்சிச் சட்டம்) இழுத்து ஓடுதல் ஆகியவை பொருந்தும்.

உச்ச வேகத்தைப் பழக, 20 முதல் 30 மீட்டர் படிப்படியாக வேகம் ஏற்றி, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடக்கலாம். முகமும் தாடையும் தோளும் தளர்ந்திருக்கட்டும். பல்லைக் கடித்து ஓடும்போது தேவையில்லாத தசைகளும் இறுகிக் காலைப் பிடித்து இழுக்கும்.

கணுக்காலில் எடை கட்டி ஓடலாமா?

வேண்டாம். காலின் நுனியில் எடை சேர்ந்தால் கால் வீச்சின் இயல்பே மாறிவிடும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் சுமை கூடும். சுமை வேண்டுமென்றால் ஸ்லெட்டை இழுங்கள்.

ஒலிம்பிக் பளுதூக்கல் அசைவுகள் கட்டாயமா?

நல்ல பயிற்சியாளர் அருகில் இருந்தால் அருமையானவை. கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே வீச்சில் விரியும் அசைவை அவை சொல்லித் தருகின்றன. ஆனால் உருப்படியாகக் கற்க மாதங்கள் ஆகும். கற்றுத்தர ஆள் இல்லாதவர் ஸ்குவாட் ஜம்ப், கெட்டில்பெல் ஸ்விங் (கைப்பிடி உள்ள இரும்புக் குண்டை வீசுவது), மெடிசின் பாலைத் தலைக்குமேல் பின்னோக்கி எறிதல் ஆகியவற்றிலிருந்து பெரும்பகுதிப் பலனைப் பெற்றுவிடலாம்.

பயிற்சிக்கு முன் நன்றாக ஸ்ட்ரெட்ச் செய்ய வேண்டுமா?

ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால், அதன் பிறகு சிறிது நேரம் தாண்டலும் வேகமும் சற்றுக் குறையும். அந்த வகை ஸ்ட்ரெட்ச்சைப் பயிற்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தேவைப்படுவது உடம்பைச் சூடேற்றுவது: சில நிமிட மெதுவோட்டம், கால் வீச்சுகள், லஞ்ச் நடை (ஒவ்வோர் அடியிலும் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நடப்பது), முழங்காலை உயர்த்தி ஓடுதல், கடைசியில் 60, 75, 90 சதவீத வேகத்தில் ஏறிப்போகும் மூன்று நான்கு ஓட்டங்கள்.

ஒரு வாரத்தை எப்படி அமைப்பது?

எதில் புத்துணர்ச்சி அதிகம் தேவையோ அது முதலில். ஒரே நாளில் ஓட்டம், தாண்டல், எடை மூன்றும் இருந்தால் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். திங்களன்று குறுகிய முடுக்க ஓட்டங்கள், சில தாண்டல்கள், பிறகு கனமான ஸ்குவாட். செவ்வாயன்று ஆட்ட நுணுக்கமும் இலகுவான அசைவுகளும். புதன் ஓய்வு. வியாழனன்று உச்ச வேக ஓட்டம், மெடிசின் பால் எறிதல், வேகத் தூக்கல்கள். வெள்ளி, சனியில் விளையாட்டுப் பயிற்சி. ஞாயிறு ஓய்வு. கடினமான நாள் கடினமாகவும் இலகுவான நாள் உண்மையிலேயே இலகுவாகவும் இருக்க வேண்டும். எல்லா நாளும் நடுத்தரமாக இருக்கும் வாரத்தில் வேகம் வளராது.

தொலைதூர ஓட்டத்தையும் சேர்த்துச் செய்யலாமா?

அளவோடு செய்யலாம். கடுமையான தாங்குதிறன் பயிற்சியும் வலிமைப் பயிற்சியும் ஒன்றாகச் சேரும்போது வலிமையின் வளர்ச்சி தடைபடலாம் என்பதை 1980இல் ராபர்ட் ஹிக்சன் காட்டினார். அதிகம் அடிபடுவது வெடிப்புத் திறன்தான். இரண்டும் தேவைப்படும் ஆட்டமென்றால் வேறு வேறு நாளில் வையுங்கள். ஒரே நாளில்தான் முடியும் என்றால் வேகப் பயிற்சியைக் காலையிலும் நீண்ட ஓட்டத்தை மாலையிலும் வையுங்கள்.

தொடையின் பின்தசை அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

வேக ஓட்டத்தில் முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தொடையின் பின்தசை நீண்டுகொண்டே பெரும் விசையைத் தாங்குகிறது. அந்த நிலையில் அதை வலுப்படுத்த நார்டிக் கர்ல் இருக்கிறது. மெத்தையில் மண்டியிட்டு, துணைக்கு ஒருவரைக் கணுக்கால்களைப் பிடிக்கச் சொல்லி, உடம்பை முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்து, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். இதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் வாரம் இரண்டு செட், ஒவ்வொன்றிலும் ஐந்து முறை என்பதற்கு மேல் போகாதீர்கள்; வலி கடுமையாக இருக்கும்.

இன்னொரு காரணம், வாரக்கணக்கில் முழு வேகத்தில் ஓடாமல் இருந்துவிட்டுப் போட்டியன்று திடீரென்று ஓடுவது. வாரத்துக்கு ஒருமுறையாவது உச்ச வேகத்தைத் தொடுவதே நல்ல பாதுகாப்பு. ‘சுருக்’கென்று பிடித்து, நடக்கும்போதே வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

சிறுவர் சிறுமியர் எடை தூக்கலாமா? வளர்ச்சி நின்றுவிடாதா?

நிற்காது. கண்காணிப்போடு, முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி உயரத்தைக் குறைப்பதாகச் சான்று இல்லை. ஓடிப்பிடித்து விளையாடுவதும் நொண்டியடிப்பதும் கயிறு தாண்டுவதும்கூடச் சின்ன வயதுக்கேற்ற பிளையோமெட்ரிக்தான். அசைவு சுத்தமான பிறகே எடை ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பருவ வயதுப் பெண்களுக்கு இதில் இன்னும் அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழியும் அபாயம் அவர்களுக்கு ஆண்களைவிட அதிகம். தரையிறங்கும் பயிற்சியும் இடுப்பு, தொடை வலிமையும் அந்த அபாயத்தைக் குறைக்கின்றன. ‘பெண் பிள்ளைக்கு எதற்கு எடை’ என்று தள்ளிவைப்பது அவளைப் பாதுகாப்பில்லாமல் மைதானத்துக்கு அனுப்புவதற்குச் சமம்.

கிரியேட்டின் என்ற ஊட்டப்பொருளை எடுத்துக்கொள்ளலாமா?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் பாதுகாப்பானது என்றும், குறுகிய, தீவிர முயற்சிகளுக்கு உதவும் என்றும் நிறைய ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. போதிய தூக்கமும் புரதமும் இல்லாதவருக்கு இது பெரிதாக உதவாது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

விலையுயர்ந்த கருவி வேண்டாம். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது, விரலில் சாக்குப்பொடி தடவிச் சுவரில் தொட்டு உயரம் அளப்பது, 30 மீட்டர் நேரம் ஆகிய மூன்றை மாதம் ஒருமுறை, ஒரே தரையில், ஒரே வகை ஷூவோடு எடுங்கள். தரையைத் தொடும் நேரத்தை அறிய கைபேசியின் ஸ்லோ மோஷன் காணொளி உதவும். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கேமராவில் ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 0.004 நொடி. பாதம் தரையில் இருக்கும் படங்களை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும். 60 படங்கள் வந்தால் 0.25 நொடி. அதே உயரத்தை அடுத்த மாதம் 50 படங்களில் தாண்டினால், உயரம் ஓர் அங்குலம்கூட ஏறாவிட்டாலும் முன்னேறியிருக்கிறீர்கள்.

போட்டி நெருங்கும்போது பயிற்சியை நிறுத்திவிடலாமா?

முழுதாக நிறுத்தாதீர்கள். எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. விளாடிமிர் இசுரின் என்ற பயிற்சியியல் அறிஞர் தொகுத்த கணக்கின்படி, உச்ச வலிமை பயிற்சி இல்லாமலும் ஏறக்குறைய 30 நாள் தாக்குப்பிடிக்கும். உச்ச வேகம் ஐந்து நாள் அளவிலேயே மங்கத் தொடங்கும். ஆகவே கனமான ஸ்குவாட்டைப் போட்டிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே குறைத்துவிடலாம். உச்ச வேக ஓட்டத்தை மட்டும் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் மொத்த அளவை 40 முதல் 60 சதவீதம் குறையுங்கள், தீவிரத்தைக் குறைக்காதீர்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு மூன்று நான்கு முறை 20 மீட்டர் முழு வேக ஓட்டம், ஐந்தாறு உயரமான தாண்டல்கள், நடுவில் நிறைய ஓய்வு, அவ்வளவோடு வீட்டுக்குப் போய்விடுங்கள்.